லேபர் ரூம்ல 9 வருஷம் இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ், 18 மாச மிட்வைஃப் ட்ரெய்னிங், ஒரு பிரசவம்: நிகழ்வு ஆய்வு

இது தமிழ்நாட்டுல ஒரு அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியோட சேர்ந்த ட்ரெய்னிங் சென்டர்ல நடந்தது, நான் அங்க சொல்லித்தர்ற டீச்சர்கள்ல ஒருத்தி. ட்ரெய்னிங் வந்த சிஸ்டர்கிட்டயும் அந்தத் தாய்கிட்டயும் கேட்டு சம்மதம் வாங்கித்தான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியுற மாதிரி இருந்த சில விவரங்களை எடுத்துட்டேன். "நான்தான் இவ்ளோ டெலிவரி பார்த்துட்டேனே, எனக்கு எதுக்கு இன்னொரு ஒன்றரை வருஷம்"னு கேக்குற நர்ஸுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க முக்கியமா படிக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா இந்த சிஸ்டரும் அதையே கேட்டுக்கிட்டுதான் வந்தாங்க.

பின்னணி

நம்ம நாட்டுல ஜிஎன்எம்ங்கிற நர்ஸிங் டிப்ளமோ, பிஎஸ்சி நர்ஸிங் முடிக்கிற எல்லாருமே நர்ஸிங் கவுன்சில்ல நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்க்குறவங்க) ரெண்டுமா ரெஜிஸ்டர் ஆகுறாங்க. ஆனா உலக மிட்வைஃப் கூட்டமைப்பு, அதாவது ஐசிஎம், நர்ஸ் படிச்சவங்க மிட்வைஃப் ஆகணும்னா அதுக்கு மேல குறைஞ்சது 18 மாசம் தனிப் பயிற்சி வேணும்னு வச்சிருக்கு. 2018 டிசம்பர்ல மத்திய சுகாதார அமைச்சகம் மிட்வைஃப்ரி சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டப்போ இந்த 18 மாசத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க, கோர்ஸ் பேரு நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் மிட்வைஃப்ரி, நாங்க என்பிஎம்னு சொல்லுவோம். அதுக்கு முன்னாடியே ஹைதராபாத்ல ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011ல இருந்து இதை நடத்திக்கிட்டு இருந்தாங்க, 2017ல தெலங்கானா அரசு அவங்களோடயும் யுனிசெஃபோடயும் சேர்ந்து அரசு நர்ஸுங்களுக்கு ஆரம்பிச்சது, நாடு முழுக்க இது பரவுறதுக்கு அந்த அனுபவம் பெரிய காரணம்.

தமிழ்நாட்டு நிலைமை கொஞ்சம் வேற. இங்க வீட்டுப் பிரசவம்ங்கிறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல ஆய்வுப்படி நூத்துல 45 குழந்தை சிசேரியன்ல பிறக்குது, அரசு ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்தாலே 36, நாட்டு சராசரி 21.5. தாயை ஆஸ்பத்திரிக்கு வரவைக்கிற வேலையை நம்ம விஹெச்என்னும் (கிராம சுகாதார நர்ஸ்) 108ம் முடிச்சுட்டாங்க, வந்த பிறகு அவங்களை எப்படிப் பார்த்துக்கிறோம்ங்கிறதுதான் இப்போ கேள்வி.

இந்த சிஸ்டர் முதல்ல 24 மணி நேர பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) ஒண்ணுல 5 வருஷம். அங்க நைட் ட்யூட்டியில பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான், டாக்டர் போன்ல இருப்பாங்க, டெலிவரியை எடுக்குறது, நஞ்சுக்கொடி வந்ததான்னு பாக்குறது, ரத்தப்போக்கு அதிகமானா மேல அனுப்புறது எல்லாம் அந்த ஒரு ஆளோட தலையில. அப்புறம் ட்ரான்ஸ்ஃபர்ல பெரிய ஆஸ்பத்திரி லேபர் வார்டு, 4 வருஷம். அங்க ஆர்டர் டாக்டரோடது, சிஸ்டர் ட்ரே எடுத்து வைக்கணும், ட்ரிப் போடணும், ரெஜிஸ்டர் எழுதணும். "பிஹெச்சில தனியா முடிவெடுத்தவ, இங்க வந்து நாலு வருஷமா கேட்டுக்கேட்டு செய்யுறேன்"னு இன்டர்வியூல சொன்னாங்க. வீட்டுல நாலு வயசுப் பையன், மாமியார்கிட்ட விட்டுட்டு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க வந்தாங்க, இதையும் பின்னணியோட சேர்த்துத்தான் எடுத்துக்கணும், ஏன்னா பாதியில நின்னுடலாமான்னு அவங்க யோசிச்சப்போ காரணம் படிப்பு இல்ல, பையனுக்குக் காய்ச்சல்.

முதல் மாசங்கள்ல நாங்க பார்த்தது

கை ரொம்ப நல்ல கை. தலை வெளிய வர்றப்போ தாங்குறது, தோள் எடுக்குறது, தையல், எல்லாமே சுத்தம். பதட்டமே கிடையாது. கூட படிச்ச சின்னப் பசங்க எல்லாம் அவங்களை அக்கா அக்கான்னு சுத்தி வந்து கத்துக்குவாங்க.

ஆனா கொஞ்சம் உக்காந்து கவனிச்சப்போ வேற சிலதும் தெரிஞ்சது. முதல் பிரசவம்னா எபிசியோட்டமி (பிறப்பு வழியைக் கொஞ்சம் வெட்டி விடுறது, சுருக்கமா எபி) போட்டே ஆகணும்னு கை தானா கத்திரிக்குப் போயிடும். தாய் மல்லாந்து படுத்து காலைத் தூக்கி வச்சாத்தான் அவங்களுக்கு வேலை ஓடும். தாய்க்கு முக்கணும்னு தானா தோணுறதுக்கு முன்னாடியே "முக்கு, இன்னும் முக்கு, வாயை மூடிக்கிட்டு முக்கு"ன்னு சத்தம் போட ஆரம்பிச்சுடுவாங்க. பிவி, அதாவது கர்ப்பப்பை வாய் எவ்ளோ திறந்திருக்குன்னு உள்ள கை விட்டுப் பாக்குறது, பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அடுத்தது பார்ப்பாங்க, என்ன தெரிஞ்சுக்கப் பார்த்தீங்கன்னு கேட்டா பதில் இருக்காது.

எங்களை ரொம்ப யோசிக்க வச்சது குழந்தையோட இதயத்துடிப்பை அவங்க கேக்குற விதம். ரெண்டு வலிக்கு நடுவுல தாய் அமைதியா இருக்குறப்போ டாப்ளரை வச்சு, ஆறு செகண்ட் எண்ணி பத்தால பெருக்கி 140ன்னு எழுதிடுவாங்க. நம்பர் தப்பு இல்ல, ஆனா குழந்தை கஷ்டப்படுதான்னு காட்டுறது அந்த நேரம் கிடையாது, வலி இருக்குறப்பவும் வலி முடிஞ்ச உடனேயும் துடிப்பு இறங்குதா, இறங்கினா எவ்ளோ நேரத்துல ஏறுதுங்கிறதுதான் காட்டும். வலி நடக்கும்போதே ஆரம்பிச்சு, வலி முடிஞ்சு அரை நிமிஷம் தாண்டுற வரைக்கும், மொத்தம் ஒரு நிமிஷமாவது கேக்கணும். அப்படி கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாம இல்ல, படிச்சிருக்காங்க. ஒரே ராத்திரியில பத்து தாயைப் பார்க்குற லேபர் வார்டுல ஒரு நிமிஷம் முழுசா நின்னு கேக்க யாரும் விட்டதில்ல, அவ்ளோதான்.

இதையெல்லாம் அவங்க குறைன்னு நான் எழுதல. கூட்டம் இருக்குற இடத்துல வேலை சீக்கிரம் முடியணும்னு உருவான பழக்கம் இது, வெளிய அடுத்த தாய் ஸ்ட்ரெச்சர்ல காத்துக்கிட்டு இருக்கும்போது இந்தத் தாய்க்கு வலி தானா வரட்டும்னு சொல்ற தைரியம் எந்த ஸ்டாஃப் நர்ஸுக்கும் தனியா வராது.

ட்ரெய்னிங்ல எடுத்த முடிவுகளும் காரணமும்

தியரி கிளாஸை அவங்களுக்கு கூட்டி பிரயோஜனம் இல்லைன்னு நாங்க டீச்சருங்க பேசி முடிவு பண்ணோம். அதுக்கு பதிலா மூணு விஷயம்.

முதல்ல, ஒரு தாய் அட்மிட் ஆனதுல இருந்து குழந்தைக்குப் பால் குடுக்குற வரைக்கும் அவங்க அந்த ஒரு தாயோட மட்டும்தான் இருக்கணும், வேற பெட்டுக்குக் கூப்பிட்டாலும் போகக்கூடாது. இதுக்கு லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரை சம்மதிக்க வைக்கிறதே பெரிய பாடா போச்சு, ஆள் இல்லாத இடத்துல ஒரு அனுபவமான ஆள் ஒரே தாய் பக்கத்துல உக்காந்திருக்குறது அவங்க கண்ணுக்கு வேலையே செய்யாத மாதிரிதான் தெரியும். ஆனா அந்த உக்காந்திருக்குறதுதான் பாடம். ஒரு முதல் பிரசவம் முழுசா தன் போக்குல நடக்குறதை 9 வருஷத்துல ஒரு தடவைகூட ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பக்கத்துல இருந்து பார்த்ததில்லைன்னு அவங்களே பிறகு சொன்னாங்க.

ரெண்டாவது, எந்த பிவிக்கும், பனிக்குடத்தை உடைக்கிறதுக்கும், எபிக்கும், செய்யுறதுக்கு முன்னாடி காரணத்தை ஷீட்ல எழுதணும். செஞ்சதுக்கப்புறம் எழுதினா காரணம் எப்படியும் கிடைச்சுடும்.

மூணாவது, எந்த நிலைமையில டாக்டரைக் கூப்பிடணும்ங்கிறதை ஓஜி (மகப்பேறு) டிபார்ட்மென்ட்டோட உக்காந்து பேசி ஒரே பக்கத்துல எழுதி சுவத்துல ஒட்டினோம், கூப்பிட்டா யாரு வரணும்ங்கிறதும் அதுல இருந்துச்சு. மிட்வைஃப் பார்க்குறது சிக்கல் இல்லாத தாய்மாரை மட்டும்தான், சிக்கல் வந்த நிமிஷம் கை மாறணும். எங்க யூனிட் பெரிய லேபர் வார்டோட ஒட்டியே இருந்தது, நடுவுல ஒரு கதவு, தியேட்டரும் அதே மாடி. அந்தக் கதவை நம்பித்தான் அவ்ளோ பொறுமையா இருக்க முடிஞ்சுது, தியேட்டர் வேற பில்டிங்ல இருந்திருந்தா நானே வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

கூடவே ரத்தப்போக்கு, தோள் சிக்குறது, மூச்சு விடாத குழந்தை இதுக்கெல்லாம் பொம்மை வச்சு திரும்பத் திரும்ப ட்ரில். அதுல அவங்களுக்கு நாங்க பெருசா சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கல.

அந்த ராத்திரி

ட்ரெய்னிங்கோட கடைசிக் கட்டம். 23 வயசு, முதல் பிரசவம், 39 வாரம் முடிஞ்சிருந்தது, ஹீமோகுளோபின் 11க்கு மேல, பிரஷர், சுகர் எல்லாம் நார்மல், குழந்தை தலை கீழ. சாயங்காலம் வலின்னு வந்தப்போ கர்ப்பப்பை வாய் 3 சென்டிமீட்டர் திறந்திருந்தது. முந்தின நாள்ல இருந்தே வலி, வீட்டுல சூட்டு வலின்னு சீரகத்தண்ணி வச்சுக் குடுத்துப் பார்த்திருக்காங்க. கூட அவங்க அம்மா.

சிஸ்டர் பண்ண முதல் காரியம், படுக்க வைக்கல. நடக்கச் சொன்னாங்க, இட்லி சாப்பிட வச்சாங்க, அந்த அம்மாவுக்கு பொண்ணோட இடுப்பை எங்க எப்படி அழுத்திக் குடுக்கணும்னு காட்டினாங்க. ராத்திரி 1 மணிக்கு 5 சென்டிமீட்டர். டபிள்யூஹெச்ஓ 2018ல வெளியிட்ட பரிந்துரைப்படி வேகமா திறக்குற கட்டம் 5ல இருந்துதான் கணக்கு, அதனால பிரசவம் எப்படிப் போகுதுன்னு நேரம் போட்டு எழுதுற லேபர் கேர் கைடு ஷீட்டை அப்போதான் ஆரம்பிச்சாங்க.

காலையில 5 மணிக்கு 6 சென்டிமீட்டர். நாலு மணி நேரத்துல ஒரு சென்டிமீட்டர்.

ட்யூட்டியில இருந்த பிஜி (மேல்படிப்பு படிக்கிற) டாக்டர் எட்டிப் பார்த்துட்டு, "சிஸ்டர், ப்ராக்ரஸ் இல்ல, தண்ணிய உடைச்சு ஆக்சிடோசின் ட்ரிப் போட்டுடுங்க"ன்னாங்க, அது வலியை ஏத்துற மருந்து. பழைய பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கிற சார்ட்) கணக்குல, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு வச்சா, அவங்க சொன்னது சரிதான், நாம எல்லாரும் படிச்சதும் அதுதான். சிஸ்டர் அதுக்கு என்ன பண்ணாங்கங்கிறதுக்காகத்தான் இந்த ஆய்வையே எழுதுறேன். வாக்குவாதம் பண்ணல, சரிங்க மேடம்னு போய் ட்ரிப்பும் எடுக்கல. ஷீட்டைக் கையில குடுத்தாங்க. "மேடம், 5 சென்டிமீட்டர்ல 6 மணி நேரம் தாண்டினாத்தான் அலர்ட், 4 மணி நேரத்துல 6 ஆயிருக்கு, இனி 6ல 5 மணி நேரம் நின்னா அலர்ட். பத்து நிமிஷத்துக்கு மூணு வலி, வலிக்கப்புறமும் துடிப்பு இறங்கல. குழந்தையோட முதுகு தாய் முதுகுப் பக்கம் இருக்கு, யூரின் போய் ரொம்ப நேரம் ஆச்சு. யூரின் போக வச்சு, முட்டி போட்டு குனிஞ்சு இருக்கச் சொல்லிப் பார்க்குறேன். 9 மணிக்கு திரும்பப் பார்க்குறேன், நடுவுல துடிப்பு மாறினாலோ தண்ணி கலரா வந்தாலோ உடனே கூப்பிடுறேன்"னாங்க. பிஜி சீனியர்கிட்ட போன்ல கேட்டாங்க, சீனியர் ஒத்துக்கிட்டாங்க, நேரம் போட்டு ஷீட்ல எழுதினாங்க.

பக்கத்துல நின்ன எனக்கு, அவங்க வெறும் "வெயிட் பண்ணலாம் மேடம்"னு சொல்லியிருந்தா நடந்திருக்காதுன்னு தோணுச்சு. எதுக்காக, எதுவரைக்கும், எது நடந்தா நிறுத்திடுவேன்ங்கிறது மூணும் அதுல இருந்துச்சு, டாக்டருக்கு ஆமான்னு சொல்ல அது போதும்.

8 மணி வாக்குல பனிக்குடம் தானா உடைஞ்சது, தண்ணி தெளிவு. 9 மணிக்கு 9 சென்டிமீட்டர், குழந்தை பாதி திரும்பியிருந்தது. 9:40க்கு முழுசா திறந்தாச்சு. முக்கணும்னு தாய்க்கு தோணுறவரைக்கும் விட்டாங்க, அப்புறம் ஒருக்களிச்சுப் படுத்து முக்க ஆரம்பிச்சாங்க, யாரும் கத்தல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிப்பு, இப்போ முழு நிமிஷம்.

10:50க்கு வலி முடிஞ்சப்போ துடிப்பு 90. ஏற ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. பக்கம் மாத்திப் படுக்க வச்சாங்க, அடுத்த வலிக்கும் அதே, கூடவே லேசா பச்சை கலந்த தண்ணி. ரெண்டாவது வலி முடியுறதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க. முதல் பிரசவத்துக்கு ரெண்டாம் கட்டம், அதாவது முழுசா திறந்ததுல இருந்து குழந்தை வர்ற வரைக்கும், 3 மணி நேரம் வரைக்கும் போகலாம், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிவரை எல்லாம் அழகா போய்க்கிட்டு இருந்துச்சு, ராத்திரி முழுக்க பாடுபட்டு மருந்தில்லாம கொண்டுவந்த பிரசவம், தலை வேற கண்ணுக்குத் தெரியுது, இன்னும் ரெண்டு வலி பார்ப்போம்னு யாருக்கும் தோணும். அவங்க பார்க்கல. கதவைத் திறந்து லேபர் வார்டுக்கு மாத்தினாங்க, சீனியர் மேடம் வந்து வேக்யூம் (குழந்தை தலையில கப் வச்சு இழுக்குறது) வச்சாங்க, எபியும் போட்டாங்க, குழந்தைகள் டாக்டரும் வந்துட்டாங்க. கழுத்துல கொடி ரெண்டு சுத்து. குழந்தை 3.1 கிலோ, கொஞ்சம் துடைச்சு முதுகைத் தேய்ச்சதும் அழுதது, அம்மா நெஞ்சுமேல போட்டாங்க. ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில, நஞ்சு முழுசா வந்தது, ரத்தப்போக்கு அளவுக்குள்ள.

அதுக்கப்புறம் நடந்தது

அந்தத் தாயோட அம்மா கோவமா இருந்தாங்க. "காலையிலயே ட்ரிப் போட்டிருந்தா இவ்ளோ நேரம் எம்புள்ள கஷ்டப்பட்டிருக்காது, கடைசியில ஆயுதம் போட்டுத்தானே எடுத்தீங்க." சிஸ்டர் பதிலுக்கு நியாயம் பேசாம பக்கத்துல உக்காந்து, ராத்திரி எந்தெந்த நேரத்துல என்ன பார்த்தோம், ஏன் காத்திருந்தோம், ஏன் கூப்பிட்டோம்னு ஷீட்டைக் காட்டியே சொன்னாங்க. அந்த அம்மா முழுசா சமாதானம் ஆகல. தாய் மட்டும் மூணாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகுறப்போ, "வலி ரொம்ப இருந்துச்சு சிஸ்டர், ஆனா யாரும் என்னைத் திட்டல, என்ன செய்யப்போறீங்கன்னு ஒவ்வொண்ணும் சொல்லிட்டுத்தான் செஞ்சீங்க"ன்னாங்க.

டிபார்ட்மென்ட்ல கேஸ் டிஸ்கஷன் வச்சோம். 5 மணிக்கே ட்ரிப் போட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னு ஒரு தரப்பு, கழுத்துல ரெண்டு சுத்து கொடியோட குழந்தைக்கு ட்ரிப்ல வலியை ஏத்தியிருந்தா துடிப்பு முன்னாடியே இறங்கி சிசேரியன்ல முடிஞ்சிருக்கலாம்னு இன்னொரு தரப்பு. ரெண்டையும் நிரூபிக்க முடியாது. ஷீட் முழுசா எழுதியிருந்ததால எல்லாரும் அதை வச்சே பேசினாங்க, யாரு மேல தப்புன்னு பேச்சு போகல, எங்க ஆஸ்பத்திரியில அது எப்பவும் நடக்குற விஷயம் இல்ல.

சிஸ்டருக்குத்தான் மனசு சரியில்ல. வேக்யூம் வரைக்கும் போயிடுச்சேன்னு ரெண்டு நாள் சரியா பேசல. இந்த ட்ரெய்னிங் எதையும் செய்யாம விடுறதுக்கான ட்ரெய்னிங்னு ஒரு எண்ணம் பசங்க மத்தியில வந்துடுது, அது ஆபத்தான எண்ணம். 9 வருஷமா காரணமே இல்லாம போட்ட எபிகளுக்கு நடுவுல இது காரணத்தோட போட்ட எபி. காத்திருந்ததும் அவங்க முடிவு, பெல் அடிச்சதும் அவங்க முடிவு, ரெண்டாவதை நான் இன்னும் உசத்தியா வைப்பேன். பழைய மாதிரி ஆறு செகண்ட் எண்ணியிருந்தா அந்த 90 காதுலயே விழுந்திருக்காதுன்னு அவங்களே கடைசியில சொன்னாங்க.

பரீட்சை முடிச்சு சொந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாங்க. போட்ட ட்யூட்டி ஃபீவர் வார்டு. அப்புறம் ஆப்பரேஷன் முடிஞ்சவங்க வார்டு. ஸ்டாஃப் நர்ஸ்னா ரொட்டேஷன் உண்டு, என்பிஎம்முக்கு தனி போஸ்ட் அங்க இல்ல, அதனால லிஸ்ட் போடுறவங்களுக்கு இவங்க இன்னொரு ஸ்டாஃப் நர்ஸ், அவ்ளோதான். அரசு சம்பளம் குடுத்து ஒன்றரை வருஷம் படிக்க வச்ச ஒரு மிட்வைஃப் பல மாசம் ஒரு பிரசவம்கூட பார்க்கல. எனக்கு இது தாங்க முடியாத விஷயம், இப்பவும்தான். கடைசியில அங்க இருந்த ஓஜி ஹெட் மேடம் நேர்ல போய்ப் பேசி, லெட்டர் எழுதி, அவங்களை லேபர் ரூமுக்கு எடுத்தாங்க. இப்போ அங்க ஒரு ஓரத்துல ரெண்டு பெட்டைத் தடுத்து சிக்கல் இல்லாத தாய்மாரை அவங்க பார்க்குறாங்க, கூட தாயோட சொந்தக்காரங்க ஒருத்தரை உள்ள விடுறாங்க, எபி ரெஜிஸ்டர்ல காரணம் எழுத ஒரு தனி இடம் சேர்த்திருக்காங்க. ஆனா அவங்க லீவுல போனா அந்த ரெண்டு பெட்டும் சாதாரண பெட்டுதான்.

என்ன மாத்துறோம், இன்னும் என்ன மாறணும்

குடும்பத்துக்கிட்ட 5 மணிக்கே பேசியிருக்கணும். காத்திருக்குறது, அதுக்கான காரணம், எந்த நேரமும் வேக்யூமோ ஆப்பரேஷனோ தேவைப்படலாம்ங்கிறது, இதெல்லாம் டாக்டர்கிட்ட சொன்ன அளவுக்கு அந்த அம்மாகிட்ட சொல்லப்படல. இப்போ செக்கப்புக்கு வர்ற எட்டாம் மாசமே, கூட யாரு வரப்போறாங்களோ அவங்களையும் உக்கார வச்சுப் பேசுறோம்.

பிஜிக்களையும் ஹவுஸ் சர்ஜன்களையும் என்பிஎம் ட்ரில்லுல சேர்த்துட்டோம். அந்த ராத்திரி இருந்த பிஜி ஷீட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க, சீனியரைக் கேக்க மனசு இருந்தவங்க, அது இல்லாத ஒருத்தர் இருந்திருந்தா சிஸ்டர் எவ்ளோ நல்லா பேசியிருந்தாலும் ட்ரிப் ஏறியிருக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ட்ரெய்னிங் குடுத்தா நடுவுல மாட்டுறது மிட்வைஃப்தான்.

கோர்ஸுக்கு ஆள் அனுப்புற ஆஸ்பத்திரி, படிச்சு முடிச்சா லேபர் ரூம்லதான் போடுவோம், ரொட்டேஷன்ல எடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் சீட்னு வைக்கச் சொல்லி மேல எழுதியிருக்கோம். ஒரு ஆஸ்பத்திரியில இருந்து ஒரே ஒருத்தரை எடுக்காதீங்கன்னும் கேட்டிருக்கோம், ஷிஃப்டுக்கு ஒருத்தர் வீதம் இல்லைனா 24 மணி நேரம் யூனிட்டை ஓட்டவே முடியாது. 2023ல வந்த தேசிய நர்ஸிங், மிட்வைஃப்ரி கமிஷன் சட்டம் மிட்வைஃப்ரியை தனித் தொழிலா பார்க்குது, ஆனா தனி போஸ்ட், தனி சம்பளம், ப்ரமோஷன் இதெல்லாம் வந்தாத்தான் ஃபீவர் வார்டு லிஸ்ட்ல இருந்து இவங்க பேரு போகும்.

சின்னப் பிள்ளை இருக்குறவங்களுக்கு மாசத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாப்ல மூணு நாள் வீட்டுக்குப் போக வழி பண்ணியிருக்கோம், போஸ்டிங் நாளைக் கூட்டி ஈடுகட்டிக்கலாம். அடுத்த பேட்ச்சுக்கு விண்ணப்பம் வந்திருக்குறதுல பாதிக்கு மேல பிஹெச்சி சிஸ்டருங்க, இந்த சிஸ்டரோட ஆஸ்பத்திரியில இருந்து மட்டும் மூணு பேர் கேட்டிருக்காங்க, எழுதிக் குடுக்க அவங்க நிர்வாகம் இன்னும் பதில் போடல.